பள்ளிச் சேர்க்கையில் குலுக்கல் முறை: புதுச்சேரியை முன்வைத்து

பள்ளிச் சேர்க்கையில் குலுக்கல் முறை என்பது, ஒரு பள்ளியில் உள்ள இடங்களைவிட விண்ணப்பங்கள் கூடுதலாக வரும்போது, குழந்தையின் அறிவையோ பெற்றோரின் வசதியையோ பார்க்காமல் சீட்டெடுத்து மாணவர்களைத் தேர்ந்தெடுக்கும் முறையாகும். முன்பு பெயர் எழுதிய சீட்டுகளைப் பெட்டியிலிட்டுக் குலுக்கி எடுத்தனர். இப்போது பெரும்பாலும் கணினி இவ்வேலையைச் செய்கிறது. இடம் கிடைத்தவர்களின் பெயர்கள் தேர்வுப் பட்டியலிலும், அடுத்த நிலையில் உள்ளவர்களின் பெயர்கள் காத்திருப்போர் பட்டியலிலும் வெளியாகும்.

இந்தியாவில் தொடக்கக் கல்விக்கான சேர்க்கையில் குலுக்கலுக்குச் சட்டத்தின் ஆதரவு உண்டு. ஆனால் சட்டம் ஒன்றாக இருந்தாலும் அது செயற்படும் விதம் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடுகிறது. தமிழ்நாட்டு ஊர்களோடு கலந்து கிடக்கும் புதுச்சேரிப் பகுதியில் இவ்வேறுபாட்டைத் தெளிவாகக் காணலாம். இக்கட்டுரை குலுக்கலின் சட்டப் பின்னணியையும், புதுச்சேரிப் பெற்றோர் முன் உள்ள வழிகளையும், காத்திருப்போர் பட்டியல் இயங்கும் முறையையும் விளக்குகிறது.

குடவோலை மரபு

சீட்டெடுத்துத் தேர்வு செய்வது தமிழர்க்குப் புதிதன்று. காஞ்சிபுரம் மாவட்டம் உத்திரமேரூரில் உள்ள முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) குடவோலை முறையை விரிவாகக் கூறுகின்றன. தகுதியுள்ளோரின் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டுக் குலுக்கி, சூதுவாது அறியாத ஒரு சிறுவனைக் கொண்டு ஓலை எடுக்கச் செய்து ஊர்ச்சபை வாரியங்களுக்கு உறுப்பினர்களைத் தேர்ந்தனர்.

அங்கு ஒரு செய்தியைக் கவனிக்க வேண்டும். குடத்துக்குள் யாருடைய ஓலை போகலாம் என்பதை வயது, நிலவுடைமை, கல்வி முதலிய தகுதிகள் முன்பே முடிவு செய்துவிட்டன. ஓலை எடுக்கும் சிறுவனின் கை நடுநிலையானது. குடத்தில் ஓலை இடும் விதிகள் நடுநிலையானவை என்று சொல்ல முடியாது. இன்றைய பள்ளிக் குலுக்கலைப் புரிந்துகொள்ளவும் இவ்விரண்டையும் தனித்தனியே பார்க்க வேண்டியுள்ளது.

சட்டப் பின்னணி

2002ஆம் ஆண்டின் 86ஆவது அரசியலமைப்புத் திருத்தம், 6 முதல் 14 வயது வரையுள்ள குழந்தைகளுக்குக் கல்வியை அடிப்படை உரிமையாக்கியது. அதைச் செயற்படுத்த 2009இல் இயற்றப்பட்ட இலவசக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. பள்ளிச் சேர்க்கை தொடர்பான அதன் முக்கியப் பிரிவுகள் வருமாறு:

பிரிவு 12(1)(சி): அரசு உதவி பெறாத தனியார் பள்ளிகள், முதல் வகுப்பில் குறைந்தது 25 விழுக்காடு இடங்களை அக்கம்பக்கத்தில் வாழும் நலிவுற்ற, வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவுக் குழந்தைகளுக்கு இலவசமாக அளிக்க வேண்டும். பள்ளியில் மழலையர் வகுப்பு இருந்தால் ஒதுக்கீடு அங்கிருந்தே தொடங்கும். கேந்திரிய வித்யாலயா, நவோதயா போன்ற சிறப்பு வகைப் பள்ளிகளையும் இப்பிரிவு குறிப்பிடுகிறது.

பிரிவு 12(2): இவ்வாறு சேரும் குழந்தைக்கான செலவை அரசு பள்ளிக்குத் திருப்பித் தர வேண்டும். அரசு ஒரு மாணவருக்குச் செய்யும் செலவு, பள்ளி வாங்கும் கட்டணம் ஆகிய இரண்டில் எது குறைவோ அத்தொகை தரப்படும்.

பிரிவு 13: நன்கொடை வாங்கவோ, குழந்தையையோ பெற்றோரையோ வடிகட்டும் தேர்வு நடத்தவோ கூடாது. நன்கொடை வாங்கினால் அத்தொகையைப் போல் பத்து மடங்கு வரையும், வடிகட்டும் தேர்வு நடத்தினால் முதல் முறை 25,000 ரூபாய் வரையும், பின்னர் ஒவ்வொரு முறையும் 50,000 ரூபாய் வரையும் தண்டம் விதிக்கலாம்.

பிரிவு 14, 15: வயதுச் சான்று இல்லை என்பதற்காகச் சேர்க்கையை மறுக்கக் கூடாது. கல்வியாண்டின் தொடக்கத்தில் குறித்த காலம் கடந்துவிட்டது என்று கூறியும் மறுக்கக் கூடாது.

குலுக்கலுக்கு இடம் தருவது இச்சட்டத்தின் சொற்பொருள் பகுதியில் உள்ள ஒரு சிறு தொடராகும். ஒரு குழந்தையை விட்டு மற்றொரு குழந்தையைத் தேர்வதற்குக் கையாளும் எந்த முறையும் வடிகட்டும் தேர்வு என்று அது கூறுகிறது. சமவாய்ப்பு முறைக்கு மட்டும் விலக்கு அளிக்கிறது. நேர்காணல், எழுத்துத் தேர்வு, பெற்றோரின் பட்டம், சம்பளம் எல்லாம் விலக்கப்பட்ட நிலையில், இடம் போதாதபோது மிஞ்சும் வழி குலுக்கல்தான்.

தனியார் பள்ளிகள் இச்சட்டத்தை எதிர்த்துத் தொடுத்த வழக்கில், 2012 ஏப்ரல் 12 அன்று உச்ச நீதிமன்றம் 25 விழுக்காடு ஒதுக்கீடு செல்லும் என்று தீர்ப்பளித்தது. 2014 மே 6 அன்று வழங்கிய மற்றொரு தீர்ப்பில், சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்கு, அவை அரசு உதவி பெற்றாலும் பெறாவிட்டாலும், இச்சட்டம் பொருந்தாது என்றது. அந்த 2014ஆம் ஆண்டுத் தீர்ப்பு சரிதானா என்ற ஐயத்தை எழுப்பி, 2025 செப்டம்பரில் இரு நீதிபதிகள் அமர்வு ஒன்று அதைப் பெரிய அமர்வின் பார்வைக்கு வைக்கப் பரிந்துரைத்துள்ளது.

மழலையர் வகுப்பில் இன்னொரு இடைவெளி உண்டு. சட்டம் 6 வயதிலிருந்து தொடங்குகிறது. தனியார் பள்ளிகளில் சேர்க்கை பெரும்பாலும் எல்.கே.ஜி.யிலேயே முடிந்துவிடுகிறது. ஒதுக்கீடு அல்லாத 75 விழுக்காடு மழலையர் இடங்களுக்குப் பிரிவு 13 பொருந்தாது எனத் தில்லி உயர் நீதிமன்றம் 2013இல் கூறியது. ஒரு குழந்தை எந்தப் பள்ளியில் படிக்கும் என்பது நடைமுறையில் முடிவாகும் வயதில், சட்டத்தின் காவல் இவ்வாறு தளர்ந்து நிற்கிறது.

புதுச்சேரியின் பள்ளிச் சூழல்

1954 நவம்பர் 1 அன்று பிரெஞ்சு ஆட்சியிலிருந்து இந்திய நிருவாகத்துக்கு மாறிய புதுச்சேரிப் பகுதி, புதுச்சேரி, காரைக்கால், மாகே, ஏனாம் என்ற நான்கு பிரிவுகளைக் கொண்டது. நீண்ட காலம் புதுச்சேரியும் காரைக்காலும் தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தையும், மாகே கேரளப் பாடத்திட்டத்தையும், ஏனாம் ஆந்திரப் பாடத்திட்டத்தையும் பின்பற்றி வந்தன.

நகரத்தில் பல வகைப் பள்ளிகள் அருகருகே உள்ளன. வ.உ.சி. அரசு மேல்நிலைப் பள்ளி, கல்வே கல்லூரி அரசு மேல்நிலைப் பள்ளி போன்ற பழைய அரசுப் பள்ளிகள் உள்ளன. பெத்தி செமினேர், குளூனி போன்ற கத்தோலிக்க நிறுவனப் பள்ளிகள் உள்ளன. 1826இல் தொடங்கப்பட்ட பிரெஞ்சு லிசே பள்ளி பிரெஞ்சுப் பாடத்திட்டத்தில் நடக்கிறது. பிரெஞ்சுக் குடியுரிமை பெற்ற தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகள் பலர் அதில் பயின்றுள்ளனர். இவற்றோடு ஒன்றிய அரசின் கேந்திரிய வித்யாலயா, நவோதயா பள்ளிகளும், நகரத்திலும் வில்லியனூர், அரியாங்குப்பம் போன்ற சுற்றுப்பகுதிகளிலும் பெருகிய தனியார் ஆங்கிலவழிப் பள்ளிகளும் சேர்கின்றன.

ஆகவே ஒரு புதுச்சேரிப் பெற்றோர் ஒரே ஆண்டில் மூன்று நான்கு வகை விதிகளைச் சந்திக்கிறார். தனியார் பள்ளி விண்ணப்பத்துக்கு ஒரு தேதி, கேந்திரிய வித்யாலயா இணைய விண்ணப்பத்துக்கு வேறொரு தேதி, அரசுப் பள்ளிச் சேர்க்கைக்கு இன்னொரு தேதி. ஒன்றின் முடிவு தெரிவதற்குள் மற்றொன்றில் பணம் கட்ட வேண்டிய நெருக்கடியும் ஏற்படுகிறது. வசதியுள்ள குடும்பம் ஓரிடத்தில் பணம் கட்டிவிட்டு மற்றோரிடத்துக்காகக் காத்திருக்கும். வசதியற்ற குடும்பத்தால் அவ்வாறு செய்ய இயலாது.

ஒரு தெருவுக்கு அப்பால்

புதுச்சேரி நகரின் வட எல்லையில் உள்ள முத்தியால்பேட்டையைத் தாண்டினால் கோட்டக்குப்பம் வருகிறது. கோட்டக்குப்பம் தமிழ்நாட்டின் விழுப்புரம் மாவட்டத்தைச் சேர்ந்தது. கடைவீதியும் பேருந்தும் உறவுகளும் இரண்டு ஊருக்கும் பொதுவானவை. பள்ளிச் சேர்க்கை விதிகள் மட்டும் வேறு.

தமிழ்நாட்டில் 25 விழுக்காடு ஒதுக்கீட்டுக்கு அரசு இணையதளம் வழியாக விண்ணப்பம் பெறப்படுகிறது. எல்.கே.ஜி., முதல் வகுப்பு ஆகிய நுழைவு நிலைகளில், பள்ளிக்கு 1 கிலோமீட்டர் சுற்றளவுக்குள் வசிப்போருக்கு முன்னுரிமை உண்டு. நலிவுற்ற பிரிவு என்பதற்கு ஆண்டு வருமானம் 2 லட்சம் ரூபாய்க்குள் இருக்க வேண்டும். ஆதரவற்றோர், எச்.ஐ.வி.யால் பாதிக்கப்பட்டோர், மூன்றாம் பாலினத்தவர், தூய்மைப் பணியாளரின் குழந்தைகள், மாற்றுத்திறனாளிக் குழந்தைகள் ஆகியோருக்குக் குலுக்கலுக்கு முன்பே இடம் தரப்படுகிறது. எஞ்சிய இடங்களைவிட விண்ணப்பங்கள் கூடினால், பெற்றோர் முன்னிலையில் பள்ளியிலேயே குலுக்கல் நடக்கிறது.

புதுச்சேரியோ இந்த ஒதுக்கீட்டை நீண்ட காலம் நடைமுறைப்படுத்தாத மாநிலங்கள், ஒன்றியப் பகுதிகளின் வரிசையில் இடம்பெற்று வந்துள்ளது. கேரளம், பஞ்சாப், தெலங்கானா, மேற்கு வங்காளம் ஆகியவையும் அவ்வரிசையில் சுட்டப்பட்டவை. சட்டத்தின் வாசகம் புதுச்சேரிக்கும் பொருந்தும். ஆயினும் எந்தப் பள்ளியில் எத்தனை இடம் என்ற அறிவிப்பு, விண்ணப்பம் பெறும் ஏற்பாடு, பள்ளிக்குத் திருப்பித் தர நிதி ஆகிய மூன்றும் அமையாவிட்டால் அந்த வாசகம் பெற்றோர் கைக்கு எட்டாது. முத்தியால்பேட்டையில் வாழும் ஒரு கூலித் தொழிலாளி, கோட்டக்குப்பத்தில் வாழும் தன் உறவினர் குலுக்கலில் கலந்துகொள்வதைப் பார்க்க முடியும். தமிழ்நாட்டின் ஒதுக்கீடு அங்கு வசிப்போருக்கானது என்பதால், அவர் அதில் விண்ணப்பிக்க இயலாது.

ஒதுக்கீடு நடைமுறைக்கு வந்தாலும் புதுச்சேரியில் அதன் பரப்பு வரம்புக்கு உட்பட்டதாகவே இருக்கும். பெற்றோர் பெரிதும் நாடும் பழமையான பள்ளிகள் சில சிறுபான்மை நிறுவனங்களாக உள்ளன. 2014ஆம் ஆண்டுத் தீர்ப்பு மாறாத வரை அவற்றுக்கு இந்த 25 விழுக்காடு பொருந்தாது.

ஒதுக்கீடு நடக்கும் இடத்திலும் அது ஆண்டுதோறும் தடையின்றி நடக்கும் என்ற உறுதி இல்லை. 2025-26 கல்வியாண்டில், ஒன்றிய அரசு கல்வி நிதியை விடுவிப்பது தொடர்பான சிக்கலால் தமிழ்நாட்டில் இச்சேர்க்கை தள்ளிப்போய், வழக்குகளுக்குப் பின் அக்டோபரில்தான் தொடங்கியது. ஜூனில் பள்ளி திறக்கும்போது காத்திருப்பதா, கட்டணம் கட்டிச் சேர்ப்பதா என்று முடிவெடுக்க வேண்டிய நிலை அவ்வாண்டு பெற்றோருக்கு ஏற்பட்டது. கர்நாடகம் வேறு பாதையில் சென்றது. அக்கம்பக்கத்தில் அரசுப் பள்ளியோ உதவி பெறும் பள்ளியோ இருந்தால் தனியார் பள்ளி ஒதுக்கீடு தேவையில்லை என்று விதியைத் திருத்தியது. 2019இல் அம்மாநில உயர் நீதிமன்றமும் அதை ஏற்றது.

கேந்திரிய வித்யாலயா: புதுச்சேரியில் நடக்கும் குலுக்கல்

புதுச்சேரிப் பெற்றோர் குலுக்கலை நேரடியாகச் சந்திப்பது கேந்திரிய வித்யாலயா சேர்க்கையில்தான். ஜிப்மர் வளாகத்தில் ஒரு பள்ளியும், காலாப்பட்டில் புதுச்சேரிப் பல்கலைக்கழக வளாகத்தில் ஒரு பள்ளியும் உள்ளன. முதல் வகுப்புச் சேர்க்கை இணையவழி விண்ணப்பத்தின் மூலம் நடக்கிறது. விண்ணப்பத்துக்குக் கட்டணம் இல்லை. அதிகபட்சம் மூன்று பள்ளிகளைத் தெரிவு செய்யலாம். 2022-23 கல்வியாண்டு முதல், மார்ச் 31 அன்று குழந்தைக்கு 6 வயது நிறைந்திருக்க வேண்டும் என்ற விதி நடைமுறையில் உள்ளது. முன்பு இது 5 வயதாக இருந்தது.

இடங்கள் ஒரே கொத்தாகக் குலுக்கப்படுவதில்லை. முதலில் 25 விழுக்காடு இடங்கள் கல்வி உரிமைச் சட்டத்தின்கீழ் வரும் குழந்தைகளுக்கு ஒதுக்கப்படுகின்றன. மாவட்டத் தலைநகரங்களிலும் பெருநகரங்களிலும் பள்ளியிலிருந்து 5 கிலோமீட்டருக்குள்ளும், பிற இடங்களில் 8 கிலோமீட்டருக்குள்ளும் வசிப்போரே இதில் வருவர். இவர்களுக்குள் நடப்பது முழுமையான குலுக்கல். இவ்வழியில் சேரும் குழந்தைக்கு எட்டாம் வகுப்பு முடியும் வரை கட்டணம் இல்லை.

எஞ்சிய இடங்களுக்கு ஐந்து முன்னுரிமை நிலைகள் உள்ளன. ஒன்றிய அரசு ஊழியர், ஒன்றிய அரசின் தன்னாட்சி அமைப்புகள் மற்றும் பொதுத்துறை நிறுவன ஊழியர், மாநில அரசு ஊழியர், மாநிலத் தன்னாட்சி அமைப்புகள் மற்றும் பொதுத்துறை ஊழியர், ஏனையோர் என்பது அந்த வரிசை. பணியிட மாறுதல்களின் எண்ணிக்கையும் கணக்கில் கொள்ளப்படுகிறது. ஒரே நிலையில் உள்ளவர்களிடையேதான் குலுக்கல் நடக்கும். பட்டியலினத்தவர்க்கு 15, பழங்குடியினர்க்கு 7.5, பிற பிற்படுத்தப்பட்டோர்க்கு 27 விழுக்காடு என்ற ஒதுக்கீடும் உண்டு.

மருத்துவ நிறுவன வளாகத்திலும் பல்கலைக்கழக வளாகத்திலும் அமைந்த பள்ளிகளில் முதல் இரு நிலைகளைச் சேர்ந்த குடும்பங்கள் இயல்பாகவே மிகுதி. மீன்பிடித் தொழில் செய்பவரோ, சிறு கடை வைத்திருப்பவரோ, தனியார் ஆலைத் தொழிலாளியோ ஐந்தாம் நிலையில் வருவார். இவர்களுக்குப் பொது வழியைவிடக் கல்வி உரிமைச் சட்ட வழியே பெரும்பாலும் அகலமானது. தகுதி இருந்தும் அவ்வழியில் விண்ணப்பிக்காமல் பொதுப்பிரிவில் மட்டும் பதிவு செய்துவிடுவது அடிக்கடி நேரும் பிழையாகும்.

நாடாளுமன்ற உறுப்பினர் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு 10 மாணவர்களைப் பரிந்துரைக்கும் வழக்கம் முன்பு இருந்தது. 2022 ஏப்ரலில் அது நீக்கப்பட்டது. பரிந்துரைக் கடிதம் வாங்கித் தருவதாக இன்றும் யாரேனும் பணம் கேட்டால் அது ஏமாற்று வேலை என்று அறியலாம்.

நவோதயா: குலுக்கல் இல்லாத போட்டி

தமிழ்நாட்டில் ஜவகர் நவோதயா வித்யாலயா இல்லை. புதுச்சேரி ஒன்றியப் பகுதியில் காலாப்பட்டு, காரைக்கால், மாகே, ஏனாம் ஆகிய நான்கு இடங்களில் உள்ளது. ஆறாம் வகுப்புக்கு அதிகபட்சம் 80 மாணவர்கள் எழுத்துத் தேர்வு மூலம் சேர்க்கப்படுகின்றனர். 80 வினாக்கள், 100 மதிப்பெண், 2 மணி நேரம் கொண்ட இத்தேர்வை ஐந்தாம் வகுப்புப் படிக்கும்போது ஒரு முறை மட்டுமே எழுதலாம். தமிழிலும் எழுதலாம். குறைந்தது 75 விழுக்காடு இடங்கள் ஊரகக் குழந்தைகளுக்கும், மூன்றில் ஒரு பங்கு சிறுமியருக்கும் உரியவை. உறைவிடமும் உணவும் இலவசம்.

ஒரே ஒன்றிய அரசின் இருவகைப் பள்ளிகளில் ஒன்று குலுக்கலையும் மற்றொன்று தேர்வையும் பின்பற்றுவதால் பெற்றோர் குழம்புவதுண்டு. கேந்திரிய வித்யாலயாவில் இடம் கிடைக்காதது குழந்தையின் திறமை குறித்து எதையும் சொல்வதில்லை. நவோதயாத் தேர்வுக்குப் பயிற்சி உதவும். குலுக்கலுக்கு எந்தப் பயிற்சியும் உதவாது.

வாய்ப்பின் கணக்கு

குலுக்கலில் வாய்ப்பைக் கணக்கிடப் பள்ளி அளவிலான நிகழ்தகவு போதும். 10 இடங்களுக்கு 80 பேர் விண்ணப்பித்ததாகக் கொள்வோம். ஒரு குழந்தைக்கு இடம் கிடைக்கும் வாய்ப்பு 10/80, அதாவது எட்டில் ஒன்று, விழுக்காட்டில் 12.5.

அதே நிலையில் உள்ள மூன்று பள்ளிகளுக்கு விண்ணப்பித்து, ஒவ்வொன்றிலும் தனித்தனியே குலுக்கல் நடந்தால் வாய்ப்பு என்ன? 12.5ஐ மூன்றால் பெருக்கி 37.5 விழுக்காடு என்று சொல்வது தவறு. முதலில் எங்கும் கிடைக்காமல் போகும் வாய்ப்பைக் காண வேண்டும். ஒரு பள்ளியில் கிடைக்காத வாய்ப்பு 7/8. மூன்றிலும் கிடைக்காத வாய்ப்பு 7/8 × 7/8 × 7/8 = 343/512, ஏறத்தாழ 67 விழுக்காடு. எனவே ஓரிடத்திலாவது கிடைக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 33 விழுக்காடு. மூன்று இடங்களில் பதிந்த பிறகும், மூன்று குடும்பங்களில் இரண்டு வெறுங்கையோடு திரும்பும் என்பது இக்கணக்கின் பொருள்.

சென்ற ஆண்டு கிடைக்காததால் இந்த ஆண்டு கிடைத்தே தீரும் என்ற நம்பிக்கைக்கும் கணக்கில் இடமில்லை. ஒவ்வோர் ஆண்டின் குலுக்கலும் புதியது. பழைய தோல்வியை அது நினைவில் வைத்திருப்பதில்லை. இதை நம்பிக் குழந்தையை ஓராண்டு வீட்டில் நிறுத்தி வைத்தால் இழப்பு குழந்தைக்குத்தான். வயது வரம்பும் அதற்குள் கடந்துவிடலாம்.

காத்திருப்போர் பட்டியல்

காத்திருப்போர் பட்டியலில் உள்ள எண், தனக்கு முன்னால் எத்தனை பேர் நிற்கின்றனர் என்பதை மட்டும் காட்டும். அது குழந்தையின் தரவரிசை ஆகாது. தேர்வானவர்கள் சேராமல் போவது, சான்றிதழ் சரிபார்ப்பில் விண்ணப்பம் தள்ளுபடியாவது, பெற்றோர் பணிமாறுதலில் வேறு ஊருக்குச் செல்வது ஆகிய காரணங்களால் இடம் காலியாகும்போது பட்டியல் நகரும். ஆறாம் எண்ணில் உள்ள குழந்தை, மூன்று இடங்கள் காலியானால் மூன்றாம் எண்ணுக்கு வரும்.

இங்குக் கவனிக்க வேண்டியவை மூன்று. முதலாவதாக, பட்டியல் பிரிவுவாரியாக இருக்கும். ஒரு பிரிவில் காலியான இடம் முதலில் அதே பிரிவுக்கே செல்லும் என்பதால், மொத்தக் காலியிடங்களைப் பார்த்து நம்பிக்கை கொள்ளக் கூடாது. இரண்டாவதாக, இரண்டாம், மூன்றாம் பட்டியல்கள் வெளியான பின் சேர்வதற்குக் குறுகிய நாட்களே தரப்படும். கைப்பேசி எண்ணை மாற்றியதால் அழைப்பு வந்தது தெரியாமல் இடத்தை இழக்க நேரிடலாம். மூன்றாவதாக, பட்டியலுக்குக் காலவரம்பு உண்டு. அவ்வாண்டுச் சேர்க்கை முடிந்தால் பட்டியலும் முடிந்துவிடும். அடுத்த ஆண்டுக்குத் தொடராது.

பிற இடங்களின் பட்டறிவு

அமெரிக்காவில் சார்ட்டர் பள்ளிகள் என்னும் வகை உள்ளது. அரசு நிதியில், அரசு வாரியத்துக்கு வெளியே தனி நிருவாகத்தால், கட்டணமின்றி நடத்தப்படும் பள்ளிகள் இவை. மின்னசோட்டா மாநிலம் 1991இல் இதற்கான முதல் சட்டத்தை இயற்றியது. இடத்தைவிட விண்ணப்பம் கூடினால் அங்கும் குலுக்கலும் காத்திருப்போர் பட்டியலும்தான் வழி. பெற்றோர் அரங்கில் கூடியிருக்க, எண்கள் படிக்கப்படும் காட்சியை 2010இல் வெளிவந்த 'வெயிட்டிங் ஃபார் சூப்பர்மேன்' என்னும் ஆவணப்படம் உலகறியச் செய்தது.

குலுக்கல் ஆய்வாளர்களுக்கும் பயன்பட்டது. வென்ற குழந்தைகளும் தோற்ற குழந்தைகளும் தொடக்கத்தில் ஒரே தன்மையினர்; அவர்களைப் பிரித்தது சீட்டு மட்டுமே. எனவே பின்னாளில் காணும் வேறுபாட்டுக்குப் பள்ளியே காரணம் என்று கூற முடிகிறது. பாஸ்டன் நகரச் சார்ட்டர் பள்ளிகளைப் பற்றி ஜோசுவா ஆங்கிரிஸ்ட் முதலியோர் 2011இல் வெளியிட்ட ஆய்வில், குலுக்கலில் இடம்பெற்றவர்களின் மதிப்பெண் குறிப்பிடத்தக்க அளவு உயர்ந்திருந்தது.

இந்தியாவில் கிடைத்த முடிவு வேறு. ஆந்திரப் பிரதேச ஊர்களில் குலுக்கல் மூலம் சில குழந்தைகளுக்குத் தனியார் பள்ளிக் கட்டணம் வழங்கி, கார்த்திக் முரளிதரனும் வெங்கடேஷ் சுந்தரராமனும் நடத்திய ஆய்வு 2015இல் வெளியானது. நான்கு ஆண்டுகளுக்குப் பின், தெலுங்கிலும் கணக்கிலும் தனியார் பள்ளிக்குச் சென்றவர்களுக்கும் அரசுப் பள்ளியிலேயே இருந்தவர்களுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. தனியார் பள்ளிகள் கூடுதலாகக் கற்பித்த இந்தியில் மட்டும் அவர்கள் முந்தியிருந்தனர். அந்தத் தனியார் பள்ளிகள் ஒரு மாணவருக்குச் செய்த செலவு அரசுப் பள்ளியின் செலவில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு என்பதும் அதே ஆய்வின் முடிவு.

தில்லியில் கௌதம் ராவ் நடத்தி 2019இல் வெளியிட்ட ஆய்வு மதிப்பெண்ணுக்கு அப்பால் சென்றது. ஏழைக் குழந்தைகளோடு ஒரே வகுப்பில் படித்த வசதியான வீட்டுப் பிள்ளைகளிடம் உதவும் மனப்பான்மை கூடியிருந்தது; ஏழைகளை ஒதுக்கும் போக்கு குறைந்திருந்தது. 25 விழுக்காடு ஒதுக்கீட்டின் பயன் இடம்பெற்ற குழந்தையோடு நின்றுவிடுவதில்லை என்பதை இது காட்டுகிறது.

குலுக்கலின் நிறையும் குறையும்

குலுக்கலின் முதல் நிறை, செல்வாக்கும் பணமும் அதில் செல்லாது என்பது. மூன்று வயதுக் குழந்தையை நேர்காணலில் உட்கார வைக்கும் கொடுமையையும் அது தவிர்க்கிறது. தோற்ற குழந்தையைத் தகுதியற்றது என்று யாரும் சொல்ல இடமில்லை.

குலுக்கல் புதிய இடம் எதையும் உண்டாக்குவதில்லை என்பது அதன் முதன்மையான குறை. இருக்கும் சில இடங்களை அது நேர்மையாகப் பங்கிடுகிறது. 80 பேரில் 70 பேருக்கு அதனிடம் விடை இல்லை. இரண்டாவது குறை, சீட்டு எடுப்பதற்கு முன்பே நிகழ்வது. இணையத்தில் விண்ணப்பிக்கத் தெரியாதவர், வாடகை ஒப்பந்தம் இல்லாததால் இருப்பிடச் சான்று பெற முடியாதவர், சாதிச் சான்றிதழோ வருமானச் சான்றிதழோ கடைசி நாளுக்குள் கிடைக்காதவர் ஆகியோரின் ஓலை குடத்துக்குள் போவதே இல்லை. யாருக்காக ஒதுக்கீடு வந்ததோ, அவர்களில் மிக நலிந்தவர்களே இவ்வாறு விடுபடுகின்றனர்.

சேர்ந்த பிறகும் செலவு நிற்பதில்லை. கட்டணம் இலவசமானாலும் சீருடை, வண்டி, நோட்டுப்புத்தகம், விழாச் செலவு என்று தனியார் பள்ளியில் பிற செலவுகள் வரும். ஒதுக்கீட்டின் இலவசம் எட்டாம் வகுப்போடு முடியும் என்பதையும் முன்கூட்டியே எண்ண வேண்டும்.

சீட்டு விழாதவர்களுக்கு

கல்வி உரிமைச் சட்டம் தனியார் பள்ளியில் தருவது ஒரு வாய்ப்பு. அரசுப் பள்ளியில் தருவது உரிமை. அரசுப் பள்ளி தன் எல்லைக்குள் வாழும் குழந்தையைச் சேர்க்க மறுக்க முடியாது. இந்த வேறுபாடு பல பெற்றோரின் எண்ணத்தில் தலைகீழாகப் பதிந்துள்ளது. குலுக்கலில் கிடைத்தால் வாழ்வு, கிடைக்காவிட்டால் எல்லாம் போயிற்று என்று கருதிக் கடன் வாங்கி வேறொரு தனியார் பள்ளியில் சேர்ப்போர் உண்டு.

புதுச்சேரியில் அரசுப் பள்ளிகளின் நிலை அண்மையில் மாறியுள்ளது. 2023-24 கல்வியாண்டு முதல் புதுச்சேரி, காரைக்கால் அரசுப் பள்ளிகளின் மேல்வகுப்புகளும் சி.பி.எஸ்.இ. பாடத்திட்டத்துக்கு மாறத் தொடங்கின. 2023ஆம் ஆண்டு முதல் மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 10 விழுக்காடு உள் ஒதுக்கீடும் வந்துள்ளது. தமிழ்நாட்டில் 2020இல் தொடங்கிய இத்தகைய ஒதுக்கீடு 7.5 விழுக்காடு. மாற்றத்தில் இடர்ப்பாடுகளும் உள்ளன. தமிழ்வழியில் பழகிய மாணவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் புதிய பாடத்திட்டம் கடினமாக உள்ளது என்ற கவலை எழுந்துள்ளது. எனவே ஒரு குறிப்பிட்ட அரசுப் பள்ளியின் ஆசிரியர் எண்ணிக்கையையும் வகுப்பறையையும் நேரில் சென்று பார்த்து முடிவெடுப்பதே தக்கது.

பெற்றோர் கவனத்தில் கொள்ள வேண்டியவை

• பிறப்புச் சான்றிதழ், இருப்பிடச் சான்று, சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ் ஆகியவற்றைச் சேர்க்கை அறிவிப்புக்கு முன்பே பெற்று வைத்தல். பெயரின் எழுத்துகள் எல்லாச் சான்றுகளிலும் ஒன்றாக உள்ளனவா என்று பார்த்தல்.

• விண்ணப்பத்தில் எல்லாப் பிரிவுகளையும் படித்துத் தகுதியுள்ள ஒவ்வொன்றையும் குறித்தல். பொய்த் தகவல் தந்தால் சேர்ந்த பிறகும் சேர்க்கை நீக்கப்படும்.

• விண்ணப்ப எண்ணைக் குறித்து வைத்து, பட்டியல் வெளியாகும் நாட்களில் இணையதளத்தையும் பள்ளி அறிவிப்புப் பலகையையும் பார்த்தல்.

• முடிவு வருமுன் வேறு பள்ளியில் பணம் கட்ட நேர்ந்தால், விலகும்போது எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்பதை எழுத்தில் கேட்டுப் பெறுதல்.

• குறை இருந்தால் எழுத்து மூலம் முறையிடுதல். சட்டத்தின் 32ஆம் பிரிவின்படி உள்ளாட்சி அமைப்பு மூன்று மாதத்துக்குள் முறையீட்டை முடிவு செய்ய வேண்டும். அதன்மேல் குழந்தை உரிமைப் பாதுகாப்பு ஆணையத்தில் மேல்முறையீடு செய்யலாம்.

• குலுக்கல் முடிவு எதுவாயினும், ஜூன் மாதத்தில் குழந்தை ஏதேனும் ஒரு பள்ளியில் அமர்ந்திருக்குமாறு பார்த்துக்கொள்ளுதல். பின்னர் காத்திருப்போர் பட்டியலில் அழைப்பு வந்தால் மாற்றுச் சான்றிதழ் பெற்று மாறிக்கொள்ளலாம். மாற்றுச் சான்றிதழைத் தாமதமின்றி உடனே தருவது பள்ளியின் கடமை என்று சட்டத்தின் 5ஆம் பிரிவு கூறுகிறது.